போனஸ் என்று எழுத மறுத்தவளுக்கு

அடியே,

லத்தா சீனக் கடைத்தெருவில் இன்று ரசீதுப் புத்தகம் வாங்கப் போனேன். கடைக்காரச் சீனர் கார்பன் தாள் கட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். விரல் நுனியெல்லாம் நீலம், முக்காட்டு ஓரத்திலும் ஒரு தீற்றல், வாயில் எப்போதும்போல யாருடனோ ஒரு சண்டை. எத்தனை கட்டு வேண்டும் என்று கடைக்காரர் மூன்று தரம் கேட்டாராம். போன மழைக்காலத்தில் உன்னை அடக்கம் செய்த அன்று வராத அழுகை, போயும் போயும் கார்பன் தாளுக்கா வர வேண்டும்? நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கியிருப்பாய்.

ஷ்வேப்யிதா சட்டைத் தொழிற்சாலையில் நான் காலர் தைத்தேன், நீ மாடியில் சம்பளக் கணக்கு எழுதினாய். அத்தனை பர்மியப் பெண்களுக்கு நடுவே தமிழ் பேச நாம் இரண்டே பேர். துணிக்கிடங்கில் மேலாளர் என்னிடம் நடந்துகொண்ட விதத்தை முதலில் உன்னிடம்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேசவில்லை. "நீ ஏன் அங்க தனியாப் போனே?" என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் நீ.

அதற்குப் பிறகு நீ சும்மா இருந்தாயா? உன் வாப்பாவுக்குத் தெரிந்த வக்கீலிடம் என்னை இழுத்துப் போனாய். அந்த மேலாளரிடம் இதேபோல் மாட்டிய இன்னும் இரண்டு பெண்களைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கினாய். வெளிநாட்டில் சட்டை வாங்குகிறவர்கள் காதுக்கு விஷயம் போனால் வியாபாரம் கெடும் என்று முதலாளி பயந்தார். வழக்குக்குப் போகாமல் சமாதானம் என்று முடிவாயிற்று. என்னுடைய ஒன்றரை வருடச் சம்பளம் அளவுக்கு ஒரு தொகை எனக்கு. மேலாளருக்கு மாடியில் வேறு அறை, அவ்வளவுதான்.

பணம் கொடுக்கிற வேளையில்தான் உன் பெரிய கணக்கர் தன் புத்தியைக் காட்டினார். தொகையை என் சம்பளத் தாளிலேயே போனஸ் என்று ஏற்று, வருமான வரியைப் பிடித்துக்கொள், மீதியைக் கொடு என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டில் ஒன்றும் தெரியாது. நல்லா தைச்சதுக்கு போனஸ் வரப்போகுதும்மா என்று அம்மாவிடம் முந்திக்கொண்டு சொல்லியும் வைத்திருந்தேன்.

நீ குதித்தாய். "போனஸா? எந்த நல்ல வேலைக்குடீ போனஸ்? அந்தப் பேரை எழுதிட்டா, நீ உழைச்சு வாங்கின காசாயிடும். அவன் பண்ணினது எங்கேயும் இல்லாமப் போயிடும். அதுல வரி வேற பிடிப்பாங்களாம்!"

"விடுடீ. வரி போனாப் போகுது. மிச்சத்தை வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிறேன்," என்றேன்.

இரண்டு நாள் நீ என்னுடன் பேசவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிறேன், கூடத்தில் இரண்டு பழக்கூடைகள். ஆப்பிள், பிஸ்கட் டின், மேலே பளபள காகிதம், ரிப்பன். தடிஞ்ஜுட் விளக்குத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டுக் கூடை கொடுக்கிற 'கடோ' இந்த ஊரில் எல்லா வேலையிடத்திலும் உண்டு. நம் தொழிற்சாலையில் முதலாளியும் மேலாளர்களும் நாற்காலி போட்டு வரிசையாக உட்காருவார்கள், நாங்கள் கூட்டம் கூட்டமாகத் தரையில் மண்டியிடுவோம். நீ மட்டும் ஓரமாக நிற்பாய். எங்கள் மார்க்கத்தில் மண்டியிடுவது ஆண்டவனுக்கு மட்டும்தான் என்று முதல் வருடமே சொல்லிவிட்டாய்.

"இம்புட்டு காசு குடுக்கிற மகராசனுங்க! முதலாளிக்கு ஒண்ணு, உங்க மேனேஜருக்கு ஒண்ணு. நல்லா மண்டி போட்டு கடோ பண்ணிட்டு வா, தாயி," என்றாள் அம்மா.

கடன் வாங்கி ஆப்பிள் வாங்கியிருக்கிறாள், பாவி மகள். அந்த ஆள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். நான் அவன் காலடியில் நெற்றியைத் தரையில் வைத்து, போனஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். கண்ணுக்கு முன்னால் அது அப்படியே ஓடியது.

மறுநாள் மதியம் மூச்சிரைக்க மாடியேறி வந்து உன் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "எழுதாதே. போனஸ்னு எழுதாதே. எனக்குக் காசே வராட்டியும் பரவாயில்ல."

"காசு ஏன்டீ வராது? முழுசா வரும்," என்றாய். சிரிக்கிறாயா அழுகிறாயா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் இருவரும் விடுப்பு எடுத்து, லைன் கார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நகர நடுவே கியாக்டடாவுக்குப் போனோம். வரி அலுவலகத்தில் நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார். நீ சமாதானப் பத்திரத்தை நீட்டினாய். அவர் படித்துவிட்டுப் பர்மியத்தில் கேட்டார்: "இந்தப் பணத்துக்கு அந்தப் பெண் என்ன வேலை செய்தாள்?"

"அவள் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குத்தான் செய்தார்கள்," என்றாய்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். என்னை எட்டிப் பார்த்தார், ஆனால் எதுவும் விசாரிக்கவில்லை. "அப்படியென்றால் இது சம்பளம் இல்லை. சம்பளத் தாளில் ஏற்ற வேண்டாம், அதில் வரியும் பிடிக்க வேண்டாம். தனி ரசீதில், எதற்கான பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்," என்றார். நீ அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, முத்திரையும் குத்தி வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாய். என்ன தைரியம்டீ உனக்கு!

பெரிய கணக்கர் அந்தத் தாளைப் பார்த்துச் சிவந்தார். நீ ரசீதுப் புத்தகத்தில் மூன்று நகல் வைத்து, கார்பன் அழுந்த அழுந்த எழுதினாய்: பெண் தொழிலாளிக்கு மேலாளர் இழைத்த தீங்குக்கு ஈடு. முழுத் தொகை, ஒரு சாட் காசுகூடக் குறையவில்லை. சம்பளச் செலவில் காட்ட முடியாமல் போனதால் முதலாளி தன் லாபப் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சொந்தப் பை கிழிந்ததும் அவருக்கும் ஞானம் பிறந்தது. மாடி அறையில் பத்திரமாக வைத்திருந்தவனைப் பத்தே நாளில் வெளியே அனுப்பினார். அந்தத் திருநாளில் வரிசையில் ஒரு நாற்காலி குறைவு. உனக்கும் தண்டனை இல்லாமல் இல்லை, பொத்தான் எண்ணுகிற கிடங்குக்கு மாற்றினார்கள். "பொத்தான் பொய் சொல்லாது, நிம்மதி," என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு கூடைகளையும் தூக்கிக்கொண்டு நேரே உன் வீட்டுக்கு நடந்தாள். உன் வாசலில், உன் வயதென்ன அவள் வயதென்ன, மண்டியிடப் போனாள். நீ பதறிப்போய் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாய்.

"அய்யய்யோ, என்னம்மா பண்றீங்க! மனுசருக்கு மனுசர் மண்டி போடக் கூடாதும்மா. ஆப்பிளை மட்டும் குடுங்க, உள்ள போவோம்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அவளை அப்படிச் சிரிக்கவைத்த உன்னை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. உன்னைவிடப் படித்தவர்களை, பெரிய பதவிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். உன்போல் ஒருத்தியைப் பார்க்கவில்லை.

இப்போது வேறொரு தொழிற்சாலையில் நாற்பது பெண்களுக்கு நான் மேற்பார்வை. சென்ற வாரம் தடிஞ்ஜுட். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். கிராமத்திலிருந்து புதிதாக வந்த ஒரு சின்னப் பெண் கூடையோடு வந்து முழங்காலை மடக்கினாள். நான் எழுந்துவிட்டேன். அவள் பயந்துபோய், மண்டியிடாமல் எப்படிக் கடோ செய்வது என்று பர்மியத்தில் கேட்டாள்.

"நின்றுகொண்டே கொடு, என் முகத்தைப் பார்த்துக் கொடு," என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். என்னைவிட இரண்டு விரற்கடை உயரமடீ அவள்.