குஞ்சம்மாள் வலையும் பொரியின் கயிறும்

பிப்ரவரி 3
நாய்க்குட்டி பொரிக்கு மூன்று மாதம் ஆகிறது. இன்றுதான் முதன்முதலாகக் கழுத்துப் பட்டையும் கயிறும். வாசலைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டது. இழுத்தேன், அசையவில்லை. வைத்திக்குப்பமே வேடிக்கை பார்த்தது. "ஹேமா, நாய நீ கூட்டிப் போறியா, அது உன்ன நிறுத்தி வச்சிருக்கா?" என்றார் என் வீட்டுக்காரர் கன்னியப்பன். பதில் சொன்னால் இன்னும் பேசுவார். தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5
வழி கண்டுபிடித்துவிட்டேன்! நாத்தனார் குஞ்சம்மாள் கடற்கரையில் வலை விரித்து நெத்திலி காயவைத்திருக்கிறாள். போகிற போக்கில் ஒரு கை அள்ளிக்கொண்டேன். நாலு எட்டு நடந்தால் ஒரு நெத்திலி. பொரி கூடவே ஓடி வருகிறது. கருவாடு இருக்க, கடை பிஸ்கட் எதற்கு?

பிப்ரவரி 9
தினமும் ஒரு கை. கேட்டால் கொடுப்பாள்தான். கேட்கவில்லை.

பிப்ரவரி 14
காலையிலிருந்து பொரிக்கு வாந்தி. தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். என்ன கொடுக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். "குட்டிக்கு இவ்ளோ உப்பாம்மா? கோழிய உப்பில்லாம வேகவச்சு, பொட்டுக்கடலை அளவு பிச்சுக் குடுங்க. கயிறு தளர்ந்திருந்தா மட்டும். இழுத்தா நீங்க நின்னுடுங்க."

பொட்டுக்கடலை அளவு! நான் முழு நெத்திலியாக ஊட்டியிருக்கிறேன். பாவி.

பிப்ரவரி 18
பொரி தேறிவிட்டது என்று கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கயிற்றோடு ஓடி, குஞ்சம்மாள் வலைமேல் ஏறிவிட்டது. பாதிக் கருவாடு மண்ணில்.

"திருட்டு நாய் அண்ணி இது. லாஸ்பேட்டைல யாருக்காச்சும் குடுத்துடு. இன்னொரு வாட்டி இங்க வந்துச்சுன்னா நமக்குள்ள பேச்சே வேணாம்."

கன்னியப்பனும் தங்கை பக்கம்தான். "குடுத்துடலாம் ஹேமா."

ஐயோ, அது திருடலையே! அந்த வலையைக் காட்டிப் பழக்கினது யாரு?

பிப்ரவரி 19
சொல்லவில்லை. குஞ்சம்மாள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 20
சொல்லிட்டேன். "தினம் ஒரு கை நான்தான் எடுத்தேன் குஞ்சம்மா. அத வச்சுத்தான் பழக்கினேன். நாய் என்ன பண்ணும்?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். "காக்காய எத்தினி நாள் திட்டியிருக்கேன்," என்றாள். சிரிக்கவில்லை. நாயைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 2
இப்போது கோழித் துண்டுதான். இழுத்தால் நிற்கிறேன். பத்து எட்டுக்கு ஒன்பது தடவை நிற்கிறேன் — பொறுமையை யாருக்குப் பழக்குகிறேன், அதற்கா எனக்கா? வலைப் பக்கம் போகத் தைரியமில்லை, வேறு தெருவில் சுற்றுகிறோம். குஞ்சம்மாள் பேசி பத்து நாளாகிறது. அவள் வந்து பேசாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 16
இன்று துணிந்து வலையோரமாகவே நடத்தினேன். பொரி நின்றது. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தது. கயிறு தளர்ந்து தொங்கியது. என் தங்கமே! கொடுக்கலாம் என்று பையைத் துழாவினால், கோழி டப்பா வீட்டிலேயே இருக்கிறது.

குஞ்சம்மாள் எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெற்றிலை என்று நினைத்தேன். வெந்த கோழி. பொட்டுக்கடலை அளவு, பொடிப்பொடியாக.

"உப்பு போடல அண்ணி. எவ்ளோ சின்னதா பிச்சுப் போடணும்னு அண்ணன் சொல்லிச்சி. பத்து நாளா தினம் முடிஞ்சி வச்சிக்கினு உக்காந்திருக்கேன், நீ இந்தப் பக்கமே வரலியே."