லிப்டும் உன் டீச்சரும்

அன்பு வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், கட்டைவிரலில் ஒரு கொப்புளம் தவிர. உனக்குக் காய்ச்சல் விட்டது, அம்மாவுக்குக் கழுத்துவலி விடவில்லை என்று போனில் தெரிந்துகொண்டேன். அம்மாவைத் தலையணை இல்லாமல் படுக்கச் சொல், நான் சொன்னால் கேட்கமாட்டாள். புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் நான்கு லிப்ட் மாட்டுகிறோம், அதில் ஒன்று உன்னைப்போலவே அடம்பிடிக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ நம் வீட்டு லிப்டில் ஏறிவிட்டாயாம். சந்தோஷம்தான், ஆனால் வயிறு எரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். லிப்ட் மெக்கானிக் மகள் லிப்டைக் கண்டால் அலறுகிறாள் என்று கூட வேலைசெய்கிறவர்கள் என்னை என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா? போன லீவில் உன்னை உட்காரவைத்து, ஒரு கயிறு அறுந்தாலும் மற்றது தாங்கும், எல்லாம் அறுந்தாலும் பிரேக் கவ்விப் பிடிக்கும் என்று படம் போட்டுக் காட்டினேன். நீயோ, "அப்போ கயிறு அறுந்துபோகுமாப்பா?" என்று கேட்டுவிட்டு ஐந்து மாடியும் படியேறினாய்.

உன் டீச்சருக்கு லிப்டைப் பற்றி என்ன தெரியும்? பட்டனை அமுக்கத் தெரியும். தைரியப் பாடம் என்று எல்லோரையும் பயத்தை வாய்விட்டுச் சொல்லவைத்தாராம், தனக்குப் பல்லி என்றால் நடுக்கம் என்று அவரே முதலில் சொன்னாராம், உன்னிடம் முதல் நாள் லிப்ட் வாசலில் நின்றால் போதும், மறுநாள் உள்ளே போய் வந்தால் போதும் என்றாராம். என் இரும்புப் பிரேக் செய்யாததை ஒரு பல்லி செய்துவிட்டது! இப்போது போனை எடுத்தாலே டீச்சர் சொன்னாங்க, டீச்சர் சொன்னாங்க. நான் ஒன்றும் சொன்னதே இல்லையா? போதாததற்கு வீட்டுப்பாடம் வேறு, அப்பாவுக்கு எதற்குப் பயம் என்று கேட்டு எழுதிவர வேண்டுமாம். எனக்கு எதற்கும் பயமில்லை என்றேன். "அப்போ உங்களுக்குத் தைரியமும் இல்லப்பா, பயம் இருக்கிறவங்களுக்குத்தான் தைரியம் வருமாம்" என்றாய். எரிச்சலில் போனை வைத்துவிட்டேன், அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

சரி, எழுதிக்கொள். இப்படி ஒவ்வொரு பயமாக நான் இல்லாதபோதே உனக்குப் போய்விடும், நான் வரும்போது என் கையைப் பிடிக்க உனக்கு ஒரு காரணமும் மிச்சமிருக்காது. அதற்குத்தான் பயம். டீச்சரிடம் காட்டு, சிரித்தால் பல்லியை ஞாபகப்படுத்து.

லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன். கீழே லிப்ட் வாசலில் நில். பட்டனை நீதான் அமுக்க வேண்டும், நான் கயிற்றைப் பற்றி மூச்சுவிடமாட்டேன். கதவு இடுக்கில் மட்டும் விரலை வைக்காதே. எவ்வளவு உயரம் போனாலும் நல்லபடியாக இரு கண்ணு.

முத்தத்தோடும் கொஞ்சம் பொறாமையோடும்,
உன் அப்பா