நெட்டையனுக்கு வந்த போன்

அன்பு மனைவிக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? நான் நலம். வயிறுதான் எரிகிறது, சாப்பாட்டால் அல்ல.

பட்டறைக்கு ஒரு வேன் வந்தது. புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு வேலை செய்யவில்லை. நான் புது வால்வு மாட்டியும் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. கூட வேலை செய்யும் நெட்டையன் கரண்ட் பார்க்கும் மீட்டரை வைத்துக்கொண்டு, வால்வுக்குப் போகும் வயரை அசைத்தான். கரண்ட் விட்டுவிட்டு வந்தது. உறைக்குள் கம்பி அறுந்திருந்தது.

"கில்லாடிடா நீ!" என்றார் முதலாளி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்போது பார்த்து அவன் மனைவி போன் செய்தாள். அவன் விஷயத்தைச் சொன்னதும், "என் ராசா!" என்று அவள் கத்தியது பட்டறை முழுக்கக் கேட்டது.

மதியம் அவன் என் பக்கத்தில்தான் சாப்பிடுவான். அந்த நேரத்தில் நீயும் கூப்பிடு. எதற்காகவாவது என்னைப் பாராட்டு, கொஞ்சம் சத்தமாக.

முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன்னவன்