நானூற்றுப் பன்னிரண்டில் அறுபத்தொன்று

பிப்ரவரி 3

412 மென்பொருள் பொதிகளில் 61 முடிந்திருக்கிறது. என் மனைவி பெர்மெத்தின் லேப்டாப் நேற்றிலிருந்து கம்பைல் செய்துகொண்டிருக்கிறது. இந்த லினக்ஸ் எதையும் தயாராகத் தராது. மூல நிரலை இறக்கி நாமே கட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணமான மாதமே போட்டுக்கொடுத்தேன். அவள் கேட்கவில்லை. டிசம்பரில் ஒரு அப்டேட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது கறுப்புத் திரையும் எழுத்துகளும் மட்டும்.

ஓஷ் நகரத்திலிருந்து மாமியார் போன் செய்தார்.

"பதினேழாந்தேதி அவ போயி நாப்பதாம் நாள் மாப்ளே. கண்ணு தெரியாத புள்ளைங்களுக்குக் கதை படிச்சுப் பதிவு பண்ணுவாளே, அதுல ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அவ குரலக் கேட்டுக்கிட்டே சாப்பாடு போடணும்."

"லேப்டாப் ரிப்பேர்ல இருக்கு அத்தை. முடிஞ்சதும்."

பிப்ரவரி 6, வியாழன்

செத்தவர்களுக்கு எண்ணெய் வாசம் காட்டும் நாள். போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்தேன், கரிந்தது. கரண்டும் போனது. பேட்டரியும் தீர்ந்து 203இல் நின்றது.

பிப்ரவரி 9

பெர்மெத்தின் தம்பி எமில் வந்தான். ஓடும் எழுத்துகளைப் பார்த்தான்.

"என்ன மச்சான், ரொட்டி வேணும்னா கோதுமை வெதைக்கிற ஆளா நீங்க? டிஸ்க் நல்லாத்தானே இருக்கு? ஒரு வரி கட்டளை, காப்பி பண்ணிட்டுப் போலாம்."

"முதல்ல சிஸ்டம் சரியாகட்டும்."

அவனும் என்னைப் போலவே கம்ப்யூட்டர் வேலைக்காரன். என் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

பிப்ரவரி 10

எமில் சொன்னதை ஏன் செய்யவில்லை? எழுதிவிடுகிறேன். ஒரு வரியில் முடிந்துவிட்டால், அவளைக் காக்கவைத்த நாளெல்லாம் எதற்கு?

"தாலாய், நாளைக்குப் பதிவு குடுக்கணும்" என்பாள்.

"பொறு. நம்ம சிப்புக்குன்னே கட்டினா வேகமா ஓடும்" என்பேன்.

எவ்வளவு வேகம்? அளந்ததே இல்லை.

டிசம்பர் இருபது. அவளுக்குக் காய்ச்சல். நான் பிழைச்செய்தி படித்துக்கொண்டிருந்தேன். குளிருதுன்னா. கம்பைல் சூட்டில் கொதிக்கிற லேப்டாப்பைத் தூக்கி அவ காலடில வச்சேன். சிரிச்சா. என்னையே கேட்டுக்கிறேன்: ஏன்டா, எழுந்து ஒரு போர்வை எடுத்துப் போத்தத் தெரியலயா உனக்கு?

பிப்ரவரி 12

388இல் நிறுத்தினேன். அவள் கோப்புறையைத் திறந்தேன். நாலே கதை. கடைசிக் கதை இரண்டு வருஷம் பழசு. மீதி எங்கே? நான் செய்த அப்டேட் ஏதாவது அழிச்சிடுச்சா?

பிப்ரவரி 13

அவளுடைய மைக் பையில் ஒரு பென்டிரைவ். மேலே ஒட்டிய சீட்டில் அவள் கையெழுத்து: 'தாலாய் சிஸ்டத்தை உடைச்சா இது.'

செருகினேன். ஒரு நிமிஷத்துக்குள் ரெடிமேட் லினக்ஸ் ஒன்று வந்து நின்றது. உள்ளே முப்பத்தேழு கதைகள். இரண்டு வருஷமாக லேப்டாப்பைக் கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் இதில்தான் வேலை செய்திருக்கிறாள். ஒரு பதிவும் தாமதமாகவில்லை. நான் சரிசெய்து கொடுத்ததால் என்றல்லவா பெருமைப்பட்டேன்!

எமிலைக் கூப்பிட்டேன்.

"நாந்தான் போட்டுக் குடுத்தேன் மச்சான். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டா. 'சரியாயிடுச்சுன்னு வந்து நிக்கிறப்ப அவர் மூஞ்சியப் பாரு, அதக் கெடுக்காத'ன்னா."

பிப்ரவரி 17, ஓஷ்

பெர்மெத் படித்த குளிர்கால ஓநாய் கதையை ஓடவிட்டேன். நடுவில் இருமி, 'மன்னிச்சுக்கங்க புள்ளைங்களா' என்கிறாள். விருந்தாளிகள் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

மாமியாரிடம் சொன்னேன். "ரிப்பேர் காரணம் இல்ல அத்தை. அன்னிக்கே தேடி எடுத்திருக்கலாம். நான் எடுக்கல."

அவர் ரொட்டியைப் பிய்த்து என் முன்னால் வைத்தார். "முழுக்கதையும் போடுங்க மாப்ளே. மறுபடி."

பிப்ரவரி 21

அவள் லேப்டாப்பில் ரெடிமேட் லினக்ஸைப் போட்டேன். இருபது நிமிஷம் ஆனது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன். கதை படிக்கப் புதிதாக வந்திருக்கும் பெண் கேட்டாள்:

"முன்னாடி இருந்தத விட மெதுவா ஓடுமா?"

"தெரியலம்மா. நான் அளந்ததே இல்ல."

அறை குளிராக இருந்தது. நாற்காலியில் கிடந்த சால்வையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.