கூடை கொட்டும் முன்

இன்று காலை எடைக் கொட்டகையில் உன் வீட்டுக் காலிங் பெல் அடித்தது.

குருவிச் சத்தம். தயங்கி ஒரு கீச்சு, பிறகு விடாமல். தராசுக்கு மேலே, தகரக் கூரையின் கீழ், நீயே கம்பி முறுக்கிக் கட்டிய அந்த வெள்ளைப் பெட்டியிலிருந்து. நீ போன பிறகு அது கத்தியதே இல்லை. டிராக்டர்க்காரர் ஒருவர் இஞ்சினை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாம்மா, குருவி எதுனா வளக்கிறீங்களா உள்ள?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. உன் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் நீ கதவைத் திறந்துகொண்டு வருவாய். கொட்டகையில் திறப்பதற்குக் கதவு கிடையாது.

இப்போது சாயங்காலம். தரையைக் கழுவிவிட்டார்கள். புளித்த மரவள்ளித் தோலின் வாசனை மட்டும் போகவில்லை. இன்றைய நாளை உனக்குச் சொல்ல வேண்டும். இதை முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்.

நம் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் இன்னும் உன் வார்த்தைகளில்தான் சொல்கிறேன். "எல்லாரும் பாக்கற இடத்துல ஒரு நம்பரைச் சொல்லு. எல்லாரும் அதைத் திருப்பிச் சொல்லணும். அப்புறம் யாரும் மாத்த முடியாது. அவ்ளோதான்டீ பிளாக்செயின்."

அந்த நம்பர் எது என்பதை நீ காட்டித்தான் பார்த்தேன். படிப்பு முடித்த கோடை. அப்பாவை நீ அத்தா என்பாய்; அவருக்குக் கள்ளக்குறிச்சியில் தராசுக் கடை; சுற்றியுள்ள கொட்டகைகளின் தராசுகளை அவர்தான் பழுது பார்ப்பார். சின்ன வயதிலிருந்தே அவர் வண்டியின் பின்னால் நீ. எனக்கு ரிஷிவந்தியம் பக்கம் நெல்லும் கரும்பும். மரவள்ளியை அவித்துத் தின்றதோடு சரி.

ஒரு கூடைக் கிழங்கைத் தராசில் தொங்கவிட்டார்கள். பிறகு அதே கூடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி மறுபடி எடை பார்த்தார்கள். மாவு அதிகமிருந்தால் தண்ணீருக்குள்ளும் கனக்கும். அந்த எடைக்குப் பெயர் பாயிண்ட். முழு லோடுக்கும் ஜவ்வரிசி ஆலை தரும் விலை அந்த ஒரு கூடையை வைத்துத்தான். கயிற்றில் ஒரு விரல் பட்டால் பாயிண்ட் இறங்கிவிடும்.

அன்று கூட்டத்தில் ஒருவர், லேசான போதையில், "மறுபடி போடு" என்றார். அது அவருடைய லோடே இல்லை. எடை போடுகிற வேலு அண்ணன் வாய்க்குள் திட்டிக்கொண்டே மறுபடி இறக்கினார். அங்கே அதுதான் வழக்கம் என்றாய். நிற்கிற யாரும் கேட்கலாம். கூடையைக் கொட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கொட்டிவிட்டால் அது குவியலோடு குவியல்.

அதே பாயிண்ட் வந்தது. வீண் வேலை என்றேன்.

"அவர் கையைப் பாருடீ" என்று கிசுகிசுத்தாய்.

வேலு அண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தொட்டியைவிட்டுத் தள்ளி நின்றார். அதுவரை அந்தக் கை கயிற்றின் மேல் சும்மா கிடந்தது.

"அந்தாளு கேட்டது தப்பு. ஆனா கை போச்சு பாரு."

அதிலிருந்துதான் எல்லாம். விவசாயிகள் சங்கத்தைப் பேசிச் சம்மதிக்க வைத்தது நீ. கொட்டகைக்கு ஒரு சின்னக் கணினி, பிளாஸ்டிக் பெட்டிக்குள். ஒவ்வொரு பாயிண்டையும் எல்லாப் பெட்டிகளும் தாமே சரிபார்க்கும், தாமே வைத்துக்கொள்ளும், ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்ததற்குப் போகும். கொட்டகைகள் கொஞ்சமாக இருந்தவரை அழகாக ஓடியது.

பிறகு மலை ஊர்கள் சேர்ந்தன. கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு லாரியில் இறங்கிவிடும். விதைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் கூட வர முடியாது. கூடைக்குப் பக்கத்தில் அவர்கள் நிற்க ஓர் இடம் வேண்டும். அதனால் வெள்ளிமலையில், பூங்கொடி அக்காவின் தையல் கடையில், ஒரு பெட்டி. ஜன்னல் ஓரத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கிற கடை.

போன அறுவடையில் எல்லாம் திணறியது. மலைப் பெட்டி பின்தங்கும். அது தலையாட்டும்வரை தியாகதுருகம் கொட்டகை நிற்கும். தியாகதுருகம் நின்றால் இங்கே டிராக்டர்கள் சாலைவரை நிற்கும். பிடுங்கிய கிழங்கு வெயிலில் காத்திருந்தால் உள்ளே கறுக்கும், மாவு இறங்கும். நாம் காட்ட வந்த நியாயமான பாயிண்ட், நாம் வைத்த காத்திருப்பிலேயே குறைந்துகொண்டிருந்தது.

மலைக்குப் போன அந்தப் பஸ் நினைவிருக்கிறதா. வளைவுக்கு வளைவு உனக்குக் குமட்டல். ஒரு கையில் எலுமிச்சை. மடியில் துப்பட்டாவில் சுற்றிய மாற்றுப் பெட்டி. நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

"ஒரு தடவைக்கு நிறைய பாயிண்ட் சேர்த்து அனுப்பலாம். பிளாக்கைப் பெருசாக்கிடலாம்."

"டவுன்ல ஓடும். பூங்கொடி அக்கா பெட்டி மூச்சு வாங்கிக்கினு பின்னாடி வரும்."

"அப்ப பிரிச்சிடலாம். மலைக்குத் தனி, கீழ தனி. அவங்கவங்க பாயிண்ட்டை அவங்கவங்க பாத்துக்கட்டும்."

"மலைக் கிழங்கைக் கீழதான எடை போடறாங்க. அவங்க கூடையைப் பத்தி அவங்க இன்னொரு கூட்டத்துகிட்ட கேட்டுக்கினு நிக்கணுமா?"

"சரி. டவுன்ல மூணு பெரிய கம்ப்யூட்டர். அது போதும். எவ்ளோ ஊரு வந்தாலும் தாங்கும்."

எலுமிச்சையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். அடுத்த வளைவில் சொன்னாய்:

"நம்ம பஸ் ஸ்டாண்டு ஷேர் ஆட்டோ பாத்திருக்கல்ல. ஒருத்தனை ஏத்திக்கினு கெளம்புவானா? வண்டி ரொம்பட்டும்னு நிக்கறான் இல்ல. அப்படி ஒவ்வொரு கொட்டகையும் தன் பாயிண்டையெல்லாம் ஒரு மூட்டையாக் கட்டட்டும். மேல மூட்டையோட முத்திரை மட்டும் போவட்டும். முத்திரை சின்னது. பூங்கொடி அக்கா பெட்டி தாங்கும்."

"மூட்டைக்குள்ள பொய் இருந்தா?"

"சந்தேகம் வந்தவங்க பிரிச்சிப் பாக்கட்டும். அதுக்கு ஒரு நேரம் வைப்போம்."

"எவ்ளோ நேரம்?"

நீ சிரித்தாய். முகம் வெளிறிப் போயிருந்தது, இருந்தும் சிரித்தாய். "கூடையைக் கொட்டற வரைக்கும்."

படித்த இடத்தில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு. நான் அவற்றை ஒப்பித்திருக்கிறேன். உனக்கு அது ஒரு கூடை, சுவரில் ஒரு கொக்கி. ஆட்சேபம் சொல்லும் நேரம் முடியும்வரை கூடை கொக்கியில் தொங்க வேண்டும். அதற்குள் யாராவது அவர்கள் ஊரிலிருந்து பொத்தானை அமுக்கினால் இங்கே மணி அடிக்கும். மணிக்கு உன் வீட்டுக் காலிங் பெல்லைக் கழற்றிக்கொண்டு வந்தாய். "இந்தச் சத்தம் கேட்டா எவனாலயும் சும்மா இருக்க முடியாது."

ஒன்றில் மட்டும் நாம் ஒத்துப்போகவில்லை. வேண்டுமென்றே அமுக்கிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? தப்பாக ஆட்சேபித்த ஊரின் அடுத்த லோடு வரிசையின் கடைசிக்குப் போகட்டும் என்று நான் விதி எழுதினேன். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். என் கண் முன்னாலேயே நீ அந்த வரிகளை அழித்தாய்.

"தப்பாக் கேக்கறதுக்கும் உரிமை இருக்கணும்டீ. இல்லன்னா சரியாக் கேக்கறவனும் வாயை மூடிக்குவான்."

"எல்லாரும் தப்பாக் கேட்டா வரிசை நகராது."

"நகராதுதான்."

அவ்வளவுதான் உன் பதில். எனக்குக் கோபம். அந்தப் பேச்சு முடியவில்லை. மழை தொடங்கியபோது காய்ச்சல் என்று படுத்தாய். உன்னை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நான் பெண்களோடு உள்ளறையில் நின்றேன். யாரோ கதவைத் தட்டினார்கள். பெல் இல்லாததால்.

மிச்சத்தை நான் எழுதி முடித்தேன். அழித்ததைத் திரும்ப எழுதவில்லை. ஏன் என்று தெரியாது.

இன்றுதான் முதல் ஓட்டம். சங்கத் தலைவர் காலையிலேயே வந்துவிட்டார். "ஒரு நாள் ஓட்டிப் பாப்போம்மா. வரிசை நின்னுச்சுன்னா சாயங்காலமே மலைப் பெட்டியைக் கழட்டிடலாம். டவுன்ல மூணு போதும்னு ஆலைல சொல்றாங்க." பக்கத்தில் ஜவ்வரிசி ஆலையின் மேனேஜர், கைகட்டிக்கொண்டு. நான் தலையாட்டினேன்.

மணி அடித்தது பூங்கொடி அக்காவின் அண்ணன் லோடுக்கு. கொக்கியிலிருந்து கூடையை எடுத்து, வேலு அண்ணன் மறுபடி தண்ணீரில் இறக்கினார். எல்லோரும் முள்ளையே பார்த்தோம். அதே பாயிண்ட்.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர். "தப்பா அடிச்சவங்க அடுத்த லோடைக் கடைசில வுடுங்க. அப்பதான் புத்தி வரும்."

என் விதி. வார்த்தை மாறாமல், அவர் வாயிலிருந்து.

வெளியே ஹார்ன் சத்தம். யாரோ மலைக்காரர்களைப் பொதுவாகத் திட்டினார்கள். அப்போதுதான் பூங்கொடி அக்காவிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, தப்பாப் போச்சா?"

"அதே பாயிண்ட்தான்கா."

"எல்லாரும் திட்டறாங்களா?"

"இல்லக்கா."

"கேக்குதே." தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. "வுடு பாப்பா. இனிமே அமுக்க மாட்டன்."

வைத்துவிட்டார்.

அடுத்த மலை லோடு. முந்தையதைவிடப் பாயிண்ட் குறைவு. கூடை கொக்கிக்குப் போனது. நேரம் ஓடத் தொடங்கியது. நான் மேலே அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தேன். கத்தவில்லை. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வரிசை சீராக நகர்ந்தது. மேனேஜரின் முகத்தில் திருப்தி. எல்லாம் நாம் வரைந்த படத்தில் இருந்தபடியே வேகமாக, சுத்தமாக.

எடை போடும்போது வேலு அண்ணனின் கை எங்கே இருந்தது? யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை. யாரும் பார்த்திருக்கவில்லை.

சொட்டுவது நின்றுகொண்டிருந்தது. வேலு அண்ணன் கூடையைக் கொட்டக் கை நீட்டினார்.

"மறுபடி போடுங்க" என்றேன்.

மேனேஜர் திரும்பினார். "ஏம்மா, குருவி கத்தலியே?"

"நான்தான் சார் கத்தறேன்."

யாரோ விசிலடித்தார்கள். "இன்ஜினியரம்மாவே குருவி ஆயிட்டாங்கடா!" கூடை தண்ணீருக்குள் இறங்கியது. முள் ஆடியது, நின்றது. அதே பாயிண்ட்.

"போதுமா?" மேனேஜர் தலைவர் பக்கம் திரும்பினார். "இவங்களே இப்பிடின்னா மலைலேர்ந்து நாள் முச்சூடும் அடிச்சிக்கினு இருப்பாங்க. வரிசையைப் பாருங்க தலைவரே."

தலைவர் வரிசையைப் பார்த்தார். நின்றுதான் இருந்தது.

"மத்த கொட்டகையைக் கேளுங்கய்யா" என்றேன். "போன வருஷம் ஒரு எடத்துல நின்னா எல்லா எடமும் நின்னுச்சு. இன்னைக்கு நிக்கறது இந்தக் கூடை மட்டும்தான்."

அவர் தியாகதுருகத்துக்குப் போன் செய்தார். "ஓடுதா?... ஓடுதாம்." போனைச் சட்டைப் பையில் போட்டார். அங்கே ஓடுவது உண்மை. இங்கே நிற்பதும் உண்மை.

அடுத்ததும் மலை லோடு. வேலு அண்ணன் கூடையை இறக்கினார். பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றார். "பாத்துக்குங்கப்பா. கை இங்க இருக்குது. அப்புறம் அந்தப் பொண்ணு கத்தும்." கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயிண்ட் போனது. கூடை கொக்கியில். வெள்ளைப் பெட்டி சும்மா இருந்தது. நான் மறுபடி கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அங்கே ஜன்னல் ஓரத்தில் ஒரு விரல் பொத்தானுக்கு மேலே நிற்கிறதா, இல்லை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறதா, தெரியாது.

கொட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் குருவி கத்தியது.

மேனேஜர் வாயைத் திறந்தார். அதற்குள் தலைவர், "போடுய்யா வேலு."

அதுவும் அதே பாயிண்ட்தான். இன்று கேட்ட எதுவுமே சரியான கேள்வி இல்லை. வரிசை இருட்டுவதற்குள் முடிந்தது. யாருக்கும் சந்தோஷம் இல்லை. போகும்போது தலைவர் சொன்னார்: "மலைப் பெட்டி நாளைக்கும் இருக்கட்டும்." நாளைக்கு மட்டும். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

சற்றுமுன் உன் அத்தா வந்தார், தராசைப் பார்க்க. கொக்கிக்கு எண்ணெய் போட்டார். முள்ளைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் அண்ணாந்து பார்த்து, "அடிச்சிச்சாம்மா?" என்றார்.

"அடிச்சிச்சு அத்தா."

"சத்தம் நல்லாக் கேட்டுச்சா?"

"ரோடு வரைக்கும்."

தலையை ஆட்டினார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

நம் பேச்சு முடியாமலேதான் இருக்கிறது. ஊர்கள் இன்னும் சேரும். எல்லோரும் தப்பாகக் கேட்டால் வரிசை நகராது என்பது இப்போதும் உண்மைதான். நீ 'நகராதுதான்' என்று சொன்ன அந்தக் குரலை மட்டும் என்னோடு வைத்திருக்கிறேன். தெரிந்தே சொன்ன குரல்.

இதை எழுதி முடிக்கும் முன், கொட்டகையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, என் போனில் இருக்கிற பொத்தானை ஒரு முறை அமுக்கினேன். குருவி கத்தியது. கொக்கி காலியாக இருந்தது.

தப்பான கேள்விதான். உன் கூடையை எப்போதோ கொட்டிவிட்டார்கள். இருந்தாலும் கேட்டேன்.