பென்ஷனுக்கு எந்த ஊரில் வரி

12 ஜூலை 2006

ஜூலை வந்தால் ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லை. பட்டுக்கடைக்காரர்கள் ஒரு வருடத்து பில்களைப் புடவைப் பையில் திணித்துக் கொண்டுவந்து என் மேசைமேல் கொட்டுகிறார்கள். தட்டினால் ஜரிகைத் துணுக்கும் சேர்ந்து விழுகிறது.

எல்லோரும் சாப்பிடப் போனபோது என் வீட்டுக்காரருடைய வருமான வரி ரிட்டர்னை எழுதினேன். லோகநாதன், ஓய்வுபெற்ற சுபேதார். வசிப்பது வெளிநாட்டில். வீட்டு முகவரி ஆரணி.

ஆடிட்டர் சம்பந்தம் சார் எட்டிப் பார்த்தார். "வரம்புக்குக் கீழதான பென்ஷன் வருது? வரியே இல்லாதவருக்கு வருஷா வருஷம் எதுக்கும்மா இத எழுதிகினு இருக்கற? வெட்டி வேலை."

"ரெக்கார்டுக்கு சார்" என்றேன்.

அவர் பெயருக்குக் கீழே ஆரணி என்று எழுத எனக்கு வேறு எந்த இடமும் இல்லை. இதை சாரிடம் எப்படிச் சொல்வது?

16 ஜூலை

ஞாயிறு. இங்கிலாந்திலிருந்து போன். தேவிப்ரியாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததைச் சொன்னேன். மகள் படிப்பு முடியும்வரைதான் என்று சொல்லித்தானே அந்த முதியோர் இல்லத்து வேலைக்குப் போனார்? இப்போது முடிந்துவிட்டது. எப்போது வருகிறேன் என்று அவரே சொல்வார் என்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பரி, உங்க சார்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் இந்த நாட்டுப் பிரஜையாயிட்டா, பட்டாளத்து பென்ஷனுக்கு வரி எங்க கட்டணும்?"

சும்மாதான் கேட்டாராம். இதையா சும்மா கேட்பார்கள்?

18 ஜூலை

ஒரு கிளையண்ட் கேட்பதுபோல சாரிடம் கேட்டேன். புத்தகத்தைக்கூட அவர் எடுக்கவில்லை.

"மிலிட்டரி பென்ஷன் அரசாங்கம் தர்றது. அங்க குடியிருந்தாலும் இந்தியப் பிரஜையா இருக்கற வரைக்கும் வரி இங்கதான். அந்த நாட்டுக்காரன் கை வைக்க முடியாது. அந்த நாட்டுப் பிரஜையாகி அங்கயே இருந்துட்டா, அப்புறம் வரி அவனுக்குத்தான். ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துலயே இருக்குது. ஆனா பென்ஷன்காரர் அங்க வாங்கற சம்பளத்தோட சேர்த்துப் போட்டுப் பிடிப்பான். பென்ஷன் தொடர்றதுக்கு இங்க அனுமதி வேற வாங்கணும். யாரு அந்தப் புத்திசாலி?"

அப்படியென்றால் இந்தியராகவே இருந்தால்தான் லாபம். சட்டம் என் பக்கம் இருக்கிறது! வீட்டுக்கு வரும் வழியில் மல்லிகை வாங்கினேன்.

23 ஜூலை

சொன்னேன். இரண்டு தடவை விளக்கிச் சொன்னேன். "சரி, பாக்கலாம்" என்றார்.

வரிச் சட்டத்தைக் காட்டிப் புருஷனை ஊருக்கு வரவழைக்கப் பார்க்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

5 நவம்பர்

வந்துவிட்டார். பென்ஷன்காரர்கள் நவம்பரில் பேங்குக்குப் போய் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்காகவே வருடா வருடம் வருகிறார். அந்த விதியை எழுதியவர் நன்றாக இருக்கட்டும்.

காலையில் எழுந்தால் வாசலில் அவருடைய ஷூவும் என் தோல் செருப்பும் பாலிஷ் போட்டு ஜோடியாக நிற்கின்றன. பட்டாளத்துப் பழக்கம். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, இங்கிலாந்து போகும்வரை வீட்டில் இருந்த அந்த இரண்டு வருடமும் தினமும் இப்படித்தான்.

எதிர்வீட்டுக் கன்னியம்மாள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாம்மா, செருப்பு இந்தப் பளபளப்பு பளபளக்குது! பட்டாளத்துக்காரரு வந்துட்டாரா?"

19 நவம்பர்

சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"வரி கொஞ்சம் போனா போவுது, பரி. இங்க வந்து நான் இன்னா பண்ணுவேன்? பேங்க் வாசல்ல மத்த பென்ஷன்காரங்களோட ஒக்காந்துகினு பழைய சண்டைங்கள பேசிகினு இருக்கணும். அங்க காலைல நான் போனாத்தான் எழுந்து ஒக்காருவேன்னு எட்டு கெழவனுங்க இருக்கறானுங்க."

நான் மோர் ஊற்றினேன்.

"நீயும் வந்துடேன்."

போகாமலா இருந்தேன்? ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தேனே. மத்தியானமே இருட்டிவிடும். அவர் இரண்டு ஷிப்ட் முடித்து வரும்வரை ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காத்திருப்பதுதான் என் வேலை என்றால் அதை ஆரணியிலேயே செய்கிறேன். இங்கே ஆபீஸ் உண்டு, நாலு மனுஷர் உண்டு.

"அது என்னால முடியாதுங்க" என்றேன். "தெரியும்" என்றார்.  கோபமாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

27 நவம்பர்

ஏர்போர்ட் வரை போகவில்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டோடு சரி.

9 செப்டம்பர் 2007

அந்த நாட்டுப் பிரஜையாக உறுதிமொழி எடுத்தாராம். கோட்டு போட்டுக்கொண்டாராம். நன்றாக இருந்ததா என்று கேட்டேன். "ரெஜிமெண்ட்ல சத்தியம் எடுத்தது ஞாபகம் வந்துட்ச்சி பரி" என்றார்.  

20 நவம்பர் 2007

அவர் வரவில்லை. உயிரோடு இருக்கிறார் என்று அங்கேயே தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறார். பேங்கில் பேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். "வெளிநாட்ல இருக்கறவங்க எல்லா வருஷமும் இப்படியே அனுப்பலாமேம்மா" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

எல்லா வருஷமும்?

அப்படியானால் இதுவரை எதற்காக வந்தார்? இது தெரிந்தும்தான் வந்தாரா? தெரிந்துதான் இந்த வருடம் வராமலும் இருந்தாரா? வீட்டுக்கு நடந்தே வந்தேன். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் எவ்வளவு தூரம்தான் நடப்பது.

31 ஜூலை 2008

ரிட்டர்ன் கொடுக்கக் கடைசி நாள். விளக்கு வைத்த பிறகும் கூட்டம் குறையவில்லை.

"உங்க வீட்டுக்காரர் ரிட்டர்ன எழுதிட்டியாம்மா?" என்று சார் தானாகவே கேட்டார்.

"இனிமே அங்கதான் சார் வரி."

கையிலிருந்த பில் கட்டை மேசைமேல் வைத்தார். பிறகு, "டீ சொல்லட்டா?" என்றார்.

16 நவம்பர் 2008

வந்திருக்கிறார். பேங்க் வேலை ஒன்றும் இல்லை, சும்மா வந்தாராம். சொந்த வீட்டுக்கு வர விசா வாங்க வேண்டியிருந்தது என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இளைத்திருக்கிறார்.

30 நவம்பர்

நேற்றுப் போய்விட்டார். கிளம்பும் அவசரத்திலும் பாலிஷ் போட்டிருக்கிறார். இன்று காலை வாசலில் என் செருப்பு மட்டும் ஜோடியாக நின்றது.

நாளை ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போனால் சாயங்காலத்துக்குள் பஜார் புழுதி அப்பிவிடும்.

1 டிசம்பர்

பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். கன்னியம்மாள் என் காலைப் பார்த்தாள்.