சந்தனம் பூசிய துப்பாக்கி

இன்று காலை உன் மனைவி சந்தனக் கிண்ணத்தை என் கையில் தந்தார். கராஜின் எண்ணெய் வாசமும் ஈரச் சந்தனமும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் அந்தப் பழைய பூசை நாள் நினைவுக்கு வந்தது. நீ இல்லாமல் வரும் முதல் ஆயுத பூசை. உன் துப்பாக்கிகள் எல்லாம் போய்விட்டன, லைசன்ஸ் வைத்திருந்தவன் போன பிறகு அவை இந்த வீட்டில் இருக்க முடியாதே. அவற்றைப் பூட்டி வைத்திருந்த இரும்பு அலுமாரிக்குள் இப்போது பெயின்ட் டின்கள் இருக்கின்றன.

நீ பழுதான பஸ்களைத் திருத்துகிறவன். வேலை முடிந்து வந்து, பழைய யுத்தங்களில் ஓய்ந்த துப்பாக்கிகளின் துருவை எடுப்பது உன் பைத்தியம். எண்ணெயில் ஊறவைத்து, பத்துச் சத நாணயத்தின் விளிம்பால் மெல்லச் சுரண்டி, பிறகு பஞ்சு மாதிரியான இரும்பு நாரால் தடவுவாய். யாராவது உப்புத்தாளை எடுத்தால் உனக்குப் பொல்லாத கோபம் வரும். "துருவத்தான் எடுக்கணும், தோல எடுத்துடக் கூடாது" என்பாய். நான் நகரின் மறுகோடியில் பாட்டனி டவுன்ஸில் கடை வேலையை முடித்து, நீ இருந்த மவுண்ட் ரோஸ்கிலுக்கு வந்து, உன் கராஜில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பேன்.

ஏன் வந்தேன் என்று நீ கேட்டதே இல்லை. ஊரில் சோதனைச்சாவடியில் என் வயிற்றை முட்டிக்கொண்டு நின்ற துப்பாக்கிக் குழலை உனக்கு ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட சாமான் ஒன்று உன் மடியில் குழந்தை மாதிரிக் கிடந்து எண்ணெய் குளிப்பதைப் பார்க்க எனக்கு ஒரு பழிதீர்த்த சந்தோசம். ஆனாலும் நீ குழலைத் திருப்பும் பக்கமெல்லாம் பார்த்து என் கதிரையை நகர்த்துவேன். "யாழ்ப்பாணத்தாரே, இது நீங்க பிறக்கறதுக்கு முன்னாடியே செத்துப் போச்சு" என்று சிரிப்பாய்.

ஒரு வருடம் பூசைக்கு முந்தின வாரம் கிளென்ஃபீல்டிலிருந்து ஒரு கிழவர் தன் தகப்பனின் துப்பாக்கியைக் கொண்டுவந்து தந்தாரே, நினைவிருக்கிறதா? கூரைக்கடியில் காலம் முழுவதும் கிடந்து, மேலெல்லாம் செம்மண் பூசியது போலத் துரு. குழலின் பின்வாயை மூடும் போல்ட் இறுகிப்போய் அசையவே இல்லை. "அவரோட அப்பா குண்டையெல்லாம் அப்பவே எடுத்துட்டாராம்" என்றாய். குண்டுகளை அடுக்கும் மேகசினைக் கழற்றிப் பார்த்தாய், காலி. அதோடு உன் மனம் ஆறிவிட்டது. போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி அந்த வாரம் முழுக்கப் பாடுபட்டாய். அது திறப்பதற்குள் பூசை வந்துவிட்டது.

வெளியே மழை. வேலை மேசையில் சாமி படம், பொரி, சுண்டல். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்கும் டிரில்லுக்கும் உன் காருக்கும் வைத்தது போலவே துப்பாக்கிக்கும் மூன்று விரலால் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூவும் சுற்றிவிட்டாய். அதன் பின்கட்டை சாமியின் பக்கம், குழல் எங்கள் பக்கம். கற்பூரம் எரிகிறது. உன் மகள், அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, விழுந்து கும்பிடக் குனிகிறாள். அவள் நெற்றியும் குழலின் வாயும் ஒரே மட்டத்தில்.

எட்டி அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு நொந்திருக்கும். அழுதுவிட்டாள்.

"மச்சான், பொறு! உதுக்குள்ள பார்த்தனியே?"

"மேகசின் காலிடா. உன் பயத்துக்கு ஒரு அளவே இல்லையா?"

"மேகசினைக் கேக்கேல்ல. குழலுக்குள்ள பார்த்தனியே?"

"போல்ட் திறந்தாத்தானே பாக்க முடியும்? பூஜையில வச்ச ஆயுதத்த எடுக்கக் கூடாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

உன் முகம் சிவந்திருந்தது. நல்ல நாளில் வீட்டுக்குள் அபசகுனம் பேசுகிறேன் என்ற கோபம். நான் மகளை விடவில்லை. கடைசியில் உன் மனைவிதான், "அண்ணா இவ்ளோ சொல்றாரு. ஒரு தடவ பாத்துடுங்களேன், சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார்.

எல்லோரையும் பின்னால் போகச் சொன்னாய். கராஜின் பின்கதவைத் திறந்து குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பினாய். பக்கவாட்டில் நின்று, மரக்குச்சியை மெல்ல உள்ளே விட்டாய். அது நின்ற இடத்தில், குழல் வாயோரம் கட்டைவிரலால் அடையாளம் பிடித்து, வெளியே இழுத்து, குழலின் மேலேயே வைத்து அளந்தாய். குச்சியின் நுனி போல்ட்டைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு விரல் நீளம் குறைந்தது; நடுவில் ஏதோ தடுத்தது.

"துருவா இருக்கும்" என்றாய். திரும்பவும் விட்டாய். அதே இடம். உள்ளே 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

நீ மரச்சுத்தியலைப் பார்த்தாய். பிறகு சுவரைப் பார்த்தாய். அந்த வாரம் முழுக்க நீ தட்டியபோது குழல் பார்த்திருந்த பலகைச் சுவர் அது. அதற்கு அந்தப் பக்கம் அடுப்படி. உன் மனைவி சுண்டலுக்குத் தாளித்த இடம். உன் உதடு வெளுத்துப்போனதை நான் மறக்கவில்லை.

எல்லோரும் மழையில் முன்வாசலில் நின்றோம். நீ கூப்பிட்டு வந்த போலீஸ்காரர் பூவும் குங்குமமுமாகக் கிடந்த துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, என்ன சடங்கு என்று உன் மகளிடம் மரியாதையாகக் கேட்டார். அவள் ஆங்கிலத்தில், வேலை செய்யும் சாமான்களுக்கு நன்றி சொல்கிற நாள் என்றாள். உள்ளே இருந்தது வெடிக்கக்கூடிய குண்டுதான் என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

அன்றைக்கு நீ என் கையைப் பிடித்து, "இனிமே உன் பயத்த கிண்டல் பண்ண மாட்டேன்டா" என்றாய். சொன்னாயே தவிர, விட்டாயா? சாகும்வரை கிண்டல்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் துப்பாக்கியும் போல்ட் திறக்காமல் உன் மேசையில் ஏறவில்லை. பூசையில் தீப்பெட்டியை உரசுமுன் என் பக்கம் திரும்பி, "யாழ்ப்பாணத்தாரே, பாத்தாச்சா?" என்று கேட்பாய். நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, "ஓம், பார்த்தாச்சு" என்றால்தான் கற்பூரம் எரியும். என் வாழ்நாள் முழுக்க நான் வெட்கப்பட்டு ஒளித்துத் திரிந்த பயத்துக்கு நீ ஒரு வேலை கொடுத்தாய். அதற்கு நான் உனக்கு ஒழுங்காக நன்றி சொல்லவில்லை, மச்சான்.

இன்றைக்கு மேசையில் வைஸ், டிரில், உன் இரும்பு நார்ப் பொட்டலம், உன் மகளின் லேப்டாப். நானே சந்தனம் வைத்தேன். அந்த மரக்குச்சிக்கும் வைத்தேன். உன் மனைவி கற்பூரத் தட்டை எடுத்தார். தீக்குச்சியை உரசவில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணா, பாத்தாச்சா?"

பார்க்க அங்கே ஒன்றுமில்லை. என்றாலும் குனிந்தேன், ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ணீர் மறைத்ததால் கொஞ்சம் நேரமெடுத்தது. அவர் காத்திருந்தார்.

"ஓம் தங்கச்சி, பார்த்தாச்சு. கொளுத்துங்கோ."